தெரியாததைக் கரும்பலகையில் எழுதியவர்

அரக்கோணத்தில் நூலக விழா ஒன்றில் பேசிவிட்டு மின்தொடர் வண்டியில் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை. மலை கண்ணில் படத் தொடங்கும் இடத்தில் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் தேவகி. எங்கள் பள்ளியின் பழைய மாணவி, கே.ஜி.கண்டிகைப் பேருந்து நிறுத்தத்தில் உழவர்களின் நீரேற்று மோட்டார்களுக்குக் கருவி பொருத்தித் தரும் கடை வைத்திருப்பவர்.

“ஐயா, எங்க கீறீங்க?”

“வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன் அம்மா. என்ன செய்தி?”

“ஒக்காந்துகினு கீறீங்களா, நின்னுகினு கீறீங்களா?”

“உட்கார்ந்துதான் இருக்கிறேன்.”

“டீச்சர் போய்ட்டாங்கய்யா.”

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. தேவகிக்கு டீச்சர் என்றால் ஒருவர்தான். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியர் வரலட்சுமி அம்மையார், பிற்பகலில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வாயிலில் என்னிடம், “திங்கக்கெழம பாக்கலாம்ங்க ஐயா” என்று சொல்லிப் போனவர். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மலை அருகில் வந்துகொண்டே இருந்தது. இறங்க வேண்டிய நிலையம் வந்தபோது எதிரில் இருந்த பெரியவர் என் தோளைத் தட்டி, “திருத்தணி வந்துட்சி சார்” என்றார்.

வரலட்சுமி அம்மையாரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்கள், அவரோடு பணியாற்றியவர்கள், அவரோடு சண்டையிட்ட பெற்றோர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். மேடையில் முழங்கிப் பழகியவன் நான். ஆனால் இவரைப் பற்றி முழங்கினால் அவரே முதலில் சிரிப்பார். “ஐயா, கொஞ்சம் சவுண்ட கொறைங்க, பக்கத்து வகுப்புல பரீச்ச நடக்குது” என்று என் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்று அவர் சொன்னது ஒருமுறை இருமுறை அல்ல.

தமிழாசிரியனான எனக்கும் அவருக்கும் தொடக்கத்தில் ஒத்துப்போகவில்லை. அவர் வீட்டில் தெலுங்கு. வகுப்பில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வரும். நானோ கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தூய தமிழ்ப் பெயர் எழுதி அவருடைய ஆய்வகச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். மறுக்காமல் ஒட்டினார். அடுத்த ஆண்டு கருவிகள் மாறின. அவற்றுக்கும் எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த ஆண்டும் மாறின. அப்போது சொன்னார்: “நீங்க பேரு வெக்கிறதுக்குள்ள அந்தப் பொருளே மார்க்கெட்ட வுட்டுப் போயிடுதுங்க ஐயா. வுடாதீங்க, வெச்சுகினே இருங்க. ஆனா பசங்ககிட்ட, இந்தப் பொருளு போயிடும், வேற வரும்னும் சேத்துச் சொல்லிடுங்க.” அன்று அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லின் முழு எடை இருவருக்குமே பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வட்டாரத்தில் பெண்பிள்ளைகளை விரைவுத் தட்டச்சுக்கு அனுப்புவது பல்லாண்டு வழக்கம். மேல்நிலைக் கல்வியை முடித்ததும் ஒரு வேலை, மாலை வண்டியில் வீடு திரும்பும் வேலை, அதுவே பெற்றோரின் கனவு. வரலட்சுமி அம்மையார் அந்தக் கனவுக்குத் தம் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். படிவங்களில் கையால் எழுதியிருப்பதைக் கணினியில் ஏற்றும் பணி அரக்கோணத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் இருந்தது. விரலைப் பார்க்காமல், பிழையில்லாமல், மின்னல் போல் தட்டத் தம் மாணவிகளைப் பழக்கினார். ஒரு கூட்டமே அங்கே வேலைக்குச் சேர்ந்தது. காலை வண்டியில் அவர்கள் சேர்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் விரல் வேகத்தில் முதல்வர் தேவகி. தந்தை ஏழுமலை, கே.ஜி.கண்டிகைக்கு அருகில் முனுசாமி என்பவரின் நிலத்தில் கூலி வேலை செய்பவர். அந்த வீட்டிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் தேவகிதான்.

ஒருநாள் அந்தக் கூட்டம் முழுவதும் பள்ளி வாயிலில் வந்து நின்றது. படிவத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் எழுத்தை எந்திரமே படித்து ஏற்றிக்கொள்கிறதாம். இனி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மற்ற பெண்கள் அழுதார்கள். தேவகி அழவில்லை.

“நீங்க சொன்னதத்தான் டீச்சர் கத்துகினோம். வெரலு நோவ நோவக் கத்துகினோம். இப்ப அது வோணாமாம். இன்னா டீச்சர் பண்றது?”

தேவகியே தொடர்ந்தார்.

“ஆவணி பொறந்ததும் கல்யாணம்னு நைனா முடிவே பண்ட்டாரு. நகரில கீற பாவாக்குத் தரணும்னு அத்தையும் வந்து ஒக்காந்துகினு கீது. ஒரு வேலை இருந்தா ரெண்டு வருசம் தள்ளிப் போடலாம்னு இருந்தேன். இப்ப இன்னா சொல்றது நானு?”

இதுதான் நடந்தது. நகரி, மாநில எல்லைக்கு அப்பால் நமக்கு அடுத்த ஊர். தேவகி பாவா என்று அழைக்கும் அந்த அத்தை மகன் தீயவர் அல்லர். ஏழுமலையும் கொடியவர் அல்லர். ஆனால் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யக் கிடைத்திருந்த ஒரே பிடி, எங்கோ எவரோ எழுதிய மென்பொருளால் அறுந்து போயிருந்தது.

அன்பர்களே, இந்த நாட்டில் பிள்ளைகளை எதிர்காலத்துக்கு அணியப்படுத்துவதாகச் சொல்லும் நாம் என்ன செய்கிறோம்? இன்று இருக்கும் வேலைக்கு அளவெடுத்து நாளைக்குச் சட்டை தைக்கிறோம். பிள்ளை வளர்வதற்குள் வேலையே உருமாறிவிடுகிறது. தைத்தவனைக் கேட்பார் இல்லை. சட்டை பொருந்தாத பிள்ளையைத்தான் தலையில் குட்டுகிறோம். நான் மேடையில் இப்படி இடித்துரைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். வரலட்சுமி அம்மையார் இறங்கிப் போகவில்லை. “நான் ஒரே ஒண்ணக் கத்துக் குடுத்தேன்மா. அது போயிட்சி. இனிமே எனக்குத் தெரியாததத்தான் உங்களோட சேந்து கத்துக்கப் போறேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் வாங்க. வேல தர்றேன்னு சொல்லல. வாங்க” என்றார்.

அப்படித் தொடங்கியதுதான் அவருடைய வெள்ளிக்கிழமை வகுப்பு. பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்தில் நடக்கும். மேல்நிலை மாணவர்களும் வருவார்கள், படித்து முடித்தவர்களும் வருவார்கள். விதி ஒன்றே ஒன்று. எடுத்துக்கொள்ளும் பொருள் அந்த அறையில் எவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது, ஆசிரியருக்கும் கூடாது. கரும்பலகையின் மேல் “இன்று எனக்குத் தெரியாதது” என்று எழுதி அதன் கீழே பொருளின் பெயரை எழுதுவார். பிறகு திரும்பி நின்று, “எனக்கும் தெரியாதுங்க. வாங்க பாக்கலாம்” என்பார். இருபது ஆண்டு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் மாணவர் முன்னால் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டே விட்டார்: “டீச்சருக்கே தெரியாதாம், அப்புறம் இன்னாத்த சார் கத்துக் குடுப்பாங்க?” அரங்கம் சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். “அதத்தான் சார் கத்துக் குடுக்கறேன். தெரியலன்னா இன்னா பண்றதுன்னு” என்றார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தக் கருவிக்கும் மின்சாரம் கொடுக்கும் முன்னால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று தாய்மொழியான தெலுங்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுத்தான் அழுத்துவார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தெலுங்கில் எண்ணுவார்கள். “ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் எந்திரம் ஓடாதா?” என்று ஒருமுறை ஆய்வக வாயிலில் நின்று கேட்டேன். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “ஓடும்ங்கய்யா. ஆனா டீச்சருக்குப் பயம் போவாது.”

முதல் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுக்குத் தேவகி ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். தந்தை வேலை செய்யும் நிலத்தின் உரிமையாளர் முனுசாமி ஆசையாக வாங்கிய பொருள். நீரேற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் தொடக்கி. ஊரார் சொற்படி ‘செல்போன் ஸ்டார்ட்டர்’. கைப்பேசியில் அழைத்தால் கிணற்றடியில் மோட்டார் ஓட வேண்டும். விற்றவர் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாளும் ஓடவில்லை. திரும்ப அழைத்தால் அவர் எடுப்பதில்லை. கழற்றிக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார் முனுசாமி. “ஓட வெச்சுக் குட்த்துட்டா, உனக்கு ஊர் பூரா வேல நானே பாத்து வாங்கித் தர்றேன் பொண்ணே” என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். தேவகி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வகத்தில் அது நன்றாகவே ஓடியது. கிணற்றடியில் ஓடவில்லை. ஏன்? பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். தகரக் கொட்டகை, அதற்குள் இரும்புப் பெட்டி, அதற்குள் தொடக்கியின் அலை வாங்கும் உணர்கம்பி. கைப்பேசி அலை உள்ளே நுழைய வழியே இல்லை. கம்பியை வெளியே கொண்டுவந்து கூரைமேல் கட்டினார்கள். தேவகி எண்ணி முடித்து அழைத்தார். மோட்டார் ஓடியது. அன்று அவர்கள் போட்ட கூச்சல் மலைக்குக் கேட்டிருக்கும். உழவுக்குச் சில மணி நேரமே விடப்படும் மும்முனை மின்சாரம் எப்போது வந்தாலும் தானாகவே ஓடத் தொடங்கும்படி அமைப்பை மாற்றியும் வைத்துவிட்டு வந்தார்கள்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. அது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. மின்சாரம் வருமா, வராதா என்று பெற்றோர் கிணற்றடியில் காத்துக் கிடந்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். மோட்டார் ஓடவில்லை என்பதுதான் அவர்கள் வீட்டுத் துன்பம். மோட்டார் நிற்கவில்லை என்பதும் ஒரு துன்பமாகும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஓடுவதைச் சோதித்தார்கள். நிறுத்துவதைச் சோதிக்கவில்லை. ஊர் உறங்கும்போது மின்சாரம் வந்தது. மோட்டார் தானாக ஓடியது. பொழுது விடிந்தபோது, விதைத்துச் சில நாளே ஆன வேர்க்கடலை நிலத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

விடிந்ததும் வரலட்சுமி அம்மையார் என் வீட்டு வாயிலில் நின்றார். “ஐயா, ஒரு எடத்துக்கு வரணும்ங்க.” முனுசாமியிடம் பிள்ளைகளுக்காக வாதாட என்னை அழைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஆட்டோவில் போகும்போதே மனத்துக்குள் சொற்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். நிலத்தின் வரப்பில் கால் வைத்ததும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீங்க பேசக் கூடாதுங்க. இது பேசித் தீர்ற விசயம் இல்ல. கூட நின்னா போதும். தெம்பா இருக்கும்.” வாழ்க்கையில் என்னைப் பேசாதே என்று சொல்வதற்காக அழைத்துப் போனவர் அவர் ஒருவரே.

முனுசாமி வரப்பில் நின்றிருந்தார். தேவகியும் மற்றப் பிள்ளைகளும் ஒருபுறம். ஏழுமலை மண்வெட்டியோடு தலைகுனிந்து மறுபுறம்.

“இன்னா டீச்சரம்மா,” என்றார் முனுசாமி, “நான் கடல போட்டேன். நீங்க மீனு வளக்கச் சொல்றீங்களா?”

பிறகு ஏழுமலையின் பக்கம் திரும்பினார்.

“ஏய் ஏழுமல, உம் பொண்ணு எனக்கு ஏரி வெட்டிக் குட்த்துட்சி பாருடா. கரை மட்டும் நீ போட்டுடு.”

ஏழுமலையின் முகம் கறுத்தது. மகளைப் பார்த்து, “இதுக்குத்தான் சொன்னேன், கெடைக்காத வேலையத் தேடிகினு அலையாதன்னு. என் வேலைக்கும் ஒல வெச்சுட்ட” என்றார்.

அந்த ஒரு நொடியில் எல்லாமே அந்தச் சேற்றில் கிடந்தது. தந்தையின் பிழைப்பு, மகளின் ஆவணி, வெள்ளிக்கிழமை வகுப்பின் பெயர். அம்மையார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

“வெக்கச் சொன்னவ நானு. என்னத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. திட்டி முடிச்சதும் தேவகி சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.”

“இன்னும் இன்னா சொல்லப் போவுது அது?”

தேவகி முன்னால் வந்தார். “ஓடுதான்னு மட்டும் பாத்தோம்ங்க. நிக்குதான்னு பாக்கல. கரண்டு வந்தா போதும்னு நெனச்சிட்டோம். அதான் தப்பு.”

“சரி. நிறுத்தறது எப்டி?”

“தெரியாதுங்க.”

ஏழுமலை கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். முனுசாமி தேவகியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஏன் என் பக்கம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வரப்பில் சும்மா நின்ற ஒரே ஆள் நான்தான் என்பதாலாக இருக்கலாம்.

“பாத்தியா சார். வித்துட்டுப் போனவன் எல்லாம் தெரியும்னான். ஆளையே காணோம். இது தெரியாதுன்னு சொல்லிகினு என் எதிர்லயே நிக்குது.” மீண்டும் தேவகியிடம், “தெரியாதுன்னா இப்ப இன்னா பண்ணுவ?” என்று கேட்டார்.

“மொதல்ல தண்ணிய வெட்டி வுட்டுர்றோம்ங்க. அப்பால வெள்ளிக்கெழம பாத்துச் சொல்றோம்.”

முனுசாமி சிரித்துவிட்டார். அன்று உச்சிப்பொழுது வரை பிள்ளைகளும் ஏழுமலையும் அம்மையாரும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். என் கையிலும் ஒரு மண்வெட்டி கொடுக்கப்பட்டது. நான் வெட்டிய இடத்தை ஏழுமலை மறுபடி வெட்டினார். “ஐயா, நீங்க போய் நெழல்ல ஒக்காருங்க, உங்களுக்கு வாயி வேலதான்” என்றார். பாதி நிலம் தப்பியது. மறுபாதியில் மீண்டும் விதைக்க வேண்டியிருந்தது. அந்த விதைப்பிலும் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் “இன்று எனக்குத் தெரியாதது” என்பதன் கீழ் ஒரே சொல் இருந்தது: நிறுத்துவது. நேரக் கட்டுப்பாட்டை எப்படி அமைப்பது, தண்ணீர் மட்டம் தாழ்ந்தால் எப்படி நிற்க வைப்பது, எவரும் இல்லாதபோது எது நிறுத்தும் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். இரண்டு முறை தவறினார்கள். ஆனால் இம்முறை ஆய்வகத்தில் தவறினார்கள், நிலத்தில் அல்ல. முடிவில் அம்மையார் சொன்னதை, அன்று அங்கிருந்த ஒவ்வொருவரும் இன்றும் சொல்லக் கேட்கிறேன்: “எதையும் ஓட்டத் தெரிஞ்சா பாதிதான். நிறுத்தத் தெரிஞ்சாத்தான் அது உன்னோடது.”

தொடக்கி கிணற்றடியில் ஓடியது, நின்றது. முனுசாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த கிணற்றுக்காரரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். ஏழுமலையைக் கூப்பிட்டு, “ஆவணி எங்கியும் ஓடிப் போவாதுடா. அடுத்த வருசமும் வரும்” என்றும் சொன்னார். ஏழுமலை உடனே இசைந்துவிடவில்லை. ஒரு மாலை, மூன்றாவது கிணற்றில் மகள் வேலை செய்வதைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தம் தங்கையான அந்த அத்தையிடம், “பொண்ணு வேலையில கீதும்மா. அதுவே சொல்லட்டும், அப்ப பாத்துக்கலாம்” என்றாராம். எல்லாவற்றையும் விடச் சுவையானது பிறகு நடந்தது. நகரியிலிருந்து அந்த மாப்பிள்ளையே தேவகியை அழைத்திருக்கிறார். “ஏம்மே, கல்யாணத்த அப்புறம் பாக்கலாம். எங்க கெணத்துக்கும் ஒண்ணு வெச்சுத் தர்றியா?” தேவகியும் நேர்மையாக, “தர்றேன் பாவா. ஆனா சொந்தம்னு கொறைக்க மாட்டேன்” என்றாராம். இதை ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லி அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தேவகியின் கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இத்தனை எழுதத் தேவையில்லை. தட்டச்சு போனது போல அந்தத் தொடக்கியும் போயிற்று. புதியவை வந்தன, அழைப்பு வேண்டாம், செயலி போதும் என்றன. பிறகு அவையும் பழையனவாயின. ஒவ்வொரு முறையும் தேவகி பள்ளி வாயிலில் வந்து நிற்கவில்லை. தம் கடையில் தாமே கற்றுக்கொண்டார். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கூட வேலை பார்க்கிறார். ஒருநாள் நான் அந்தக் கடைக்குப் போயிருந்தபோது, எந்தக் கம்பியை எதில் இணைப்பது என்று கைப்பேசியில் கேட்டார். அது சிறிதும் தயங்காமல் விடை சொன்னது. தேவகி அதைக் கேட்டுவிட்டு மின்சாரத்தை நிறுத்தினார். மின்கலம் வைத்த சோதனை விளக்கால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்தார். “தப்பாச் சொல்லுதுய்யா” என்றார், பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிச் சொல்வது போல இயல்பாக. “அதன் மேல் சினம் இல்லையா?” என்று கேட்டேன். “எதுக்குய்யா? முக்காவாசி சரியாத்தான் சொல்லும். மீதிக்கு நான் கீறேன்ல.”

இந்த மனநிலையைத்தான் எங்கள் பள்ளி முழுவதும் அவர் விதைக்க முயன்றார். கடந்த ஆண்டு என் மாணவர்கள் சிலர் ‘எங்கள் ஊர் ஆடிக் கிருத்திகை’ என்ற கட்டுரையை எந்திரத்திடம் எழுதி வாங்கி வந்து கொடுத்தார்கள். நான் கொதித்தேன். தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போய், “இதோ பாருங்கள், உங்கள் எந்திரம் என் தமிழைத் திருடிவிட்டது!” என்று அதிர்ந்தேன். அவர் ஒரு தாளை வாங்கிப் படித்தார். “தண்டன குடுக்காதீங்க ஐயா. இதையே பசங்ககிட்ட குடுத்து, நம்ம ஊருக்குப் பொருந்தாதத அடிக்கச் சொல்லுங்க” என்றார். கொடுத்தேன். சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். “ஐயா, கடல் அலை ஓசைக்கு நடுவுல காவடி எடுத்துகினு போறாங்களாம்ங்கய்யா! நம்ம ஊருக்கு எப்பய்யா கடல் வந்துட்சி?” வகுப்பே வெடித்துச் சிரித்தது. அதன்பின் அவர்கள் அந்தக் கட்டுரையை விடவே இல்லை. வெயிலில் சுடும் மலைப்படிகள், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் காவடிக் கூட்டத்தின் தெலுங்கு முழக்கம், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒலிபெருக்கியடியில் நிற்கும் தாய் என்று எந்திரத்துக்குத் தெரியாததையெல்லாம் எழுதி நிரப்பினார்கள். அவ்வளவு நல்ல கட்டுரைகளை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது அம்மையார் தலை நிமிராமலே கேட்டார்: “கடல் வத்திட்சிங்களா ஐயா?”

அவரை வழியனுப்பிய நாளில் தெருவே நிறைந்திருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் அழுகுரல். முனுசாமி வந்திருந்தார். மாலையை வைத்துவிட்டு என் அருகில் வந்து நின்றவர், “என் நெலத்துல சேத்துல எறங்கி நின்ன டீச்சரு இவங்க ஒருத்தர்தான் சார்” என்றார். ஏழுமலை கடைசிவரை வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் என் கால்கள் தாமாக ஆய்வகத்துக்குப் போயின. பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். திறந்திருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தேவகி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மேசைமேல் ஒரு புதிய பெட்டி. இந்தப் பருவத்தில் வந்த கருவி, கதிரொளி மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கானது. அங்கிருந்த எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் கரும்பலகை வெறுமையாக இருந்தது. சுண்ணக்கட்டியை எடுக்க எவருக்கும் கை வரவில்லை.

நான் எடுத்தேன். “இன்று எனக்குத் தெரியாதது” என்று எழுதினேன். அதன் கீழே அந்தக் கருவியின் பெயரை எழுதத்தான் கையை உயர்த்தினேன். எழுத வந்தது வேறு. “அவர் இல்லாமல் இந்த வகுப்பை நடத்துவது.” திரும்பி நிற்கத் துணிவில்லாமல் பலகையைப் பார்த்தபடியே நின்றேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமியின் குரல். “எங்களுக்கும் தெரியாதுங்கய்யா. வாங்க பாக்கலாம்.”

பெட்டியைத் திறந்தார்கள். கருவியை வெளியே எடுத்தார்கள். அதை ஓட்டும் வழியை எவரும் தேடவில்லை. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று முதலில் தேடினார்கள். அது கிடைத்த பிறகுதான் தேவகி இணைப்பைக் கொடுத்தார். அந்தச் சிறுமி பொத்தானில் விரலை வைத்தாள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் எண்ணத் தொடங்கினார்கள்.

வரலட்சுமி அம்மையாரிடமிருந்து நான் என்னோடு வைத்துக்கொள்வது இதுதான். என் தமிழ் வகுப்பின் கரும்பலகையிலும் இப்போது வாரம் ஒருமுறை அவருடைய அந்த ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே என் கைப்பட ஏதேனும் ஒன்றை எழுதுகிறேன். எழுதும்போது எனக்கும் அவருடைய அந்தப் படபடப்பு வருகிறது. வந்தால் என்ன செய்வது என்றும் அவரே சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அன்று ஆய்வகத்தில், வாழ்நாள் முழுவதும் தனித்தமிழ் பேசிய என் நாவும் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணியது. ஒகட்டி. ரெண்டு. மூடு.

ஓடியது.